சித்தரிப்பு

திரையின் மேல் மூலையில் சின்ன எழுத்தில் 'சித்தரிப்பு' என்று ஒரு சொல் வரும். நிஜக் குற்றங்களை நடித்துக்காட்டும் டிவி நிகழ்ச்சிகளைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆறு வருடம் அந்தச் சொல்லுக்குக் கீழேதான் என் பிழைப்பு ஓடியது. மாவட்ட நிருபர் ஒரு கேஸைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்புவார். கூடவே எஃப்.ஐ.ஆர். நகல், இன்ஸ்பெக்டர் பேட்டி, அக்கம்பக்கத்தார் இரண்டு பேருடைய 'பைட்'. இவற்றுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்க வேண்டியது என் வேலை. யார் எங்கே நின்றார், கதவை யார் சாத்தினார், முதல் வார்த்தை யார் வாயிலிருந்து வந்தது. பார்க்காததைப் பார்த்த மாதிரி எழுத வேண்டும்.

ஷூட்டிங் ஒரே நாள். வளசரவாக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு இருந்தது. போன வாரம் வரதட்சணைக் கொலை நடந்த வீடு, இந்த வாரம் நகைக்காகப் பாட்டியைக் கொன்ற வீடு. ஸ்கிரீன் துணியையும் காலண்டரையும் மாற்றினால் வேலை முடிந்தது. நடிக்க வருபவர்கள் ஏஜென்ட் அனுப்பும் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள். காலையில் வந்த பிறகுதான் தாங்கள் இன்று கொல்பவரா, சாகிறவரா என்று அவர்களுக்குத் தெரியும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதியை முடித்துவிடுவோம்.

இப்படி அவசரத்தில் அரைத்துத் தள்ளும் இடத்தில் எனக்கென்று ஒரு பெயர் இருந்தது. டீட்டெய்ல் பிடிக்கிறவன் என்பார்கள். மற்றவர்கள் "தாய் அழுகிறார்" என்று எழுதினால், நான் தாய் அழுதுகொண்டே பால் பொங்கிவழியும் அடுப்பை அணைக்கப் போகிறாள் என்று எழுதுவேன். டைரக்டர்களுக்கு அது பிடித்திருந்தது. வியாழக்கிழமை ரேட்டிங் வரும்போது என் எபிசோடுகள் சேனலுக்கும் பிடித்திருந்தது தெரியும். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்திருந்தது. அதனால்தான் அந்த ஒரு கேஸுக்கு நிருபரின் நாலு பக்கம் போதாது, நானே ஊருக்குப் போய் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

ஊர் எது என்று சொல்ல மாட்டேன். பெண்ணுக்குப் பதினாறு வயது. செய்தவன் வெளியாள் இல்லை. இதற்கு மேல் அந்தக் கேஸைப் பற்றி இங்கே எதுவும் வராது.

அம்மாதான் பேசினார். மாடிப்படிக்கு அடியில் பெரிய கிரைண்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியில், தெருவைப் பார்த்த மாதிரி. வீட்டுக்குள் இடமில்லாததால் அங்கே வைத்திருந்தார்கள். அரைத்த மாவைத் தெருவுக்கு விற்று அதில்தான் குடும்பம் நடந்தது. அவர் எங்களிடம் பேசும்போதெல்லாம் பாதியில் எழுந்துபோய்க் குழவியைச் சுற்றி ஒட்டிய மாவை வழித்துவிட்டு வந்தார். மகளுக்கு நடந்ததைச் சொல்லும்போது மட்டும் கிரைண்டரை நிறுத்தவில்லை. சத்தத்துக்குள்ளேயே சொன்னார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று அப்படிச் செய்கிறார் என்பது எனக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. உறைத்ததும் உடம்பு சிலிர்த்தது. பயத்தால் இல்லை. நல்ல சீன் கிடைத்துவிட்ட சந்தோஷம். எழுதுகிறவர்களுக்கு அந்தச் சிலிர்ப்பு தெரியும். அதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை.

எழுதினேன். கிரைண்டர் ஓடுகிறது, அம்மா பேசுகிறாள், சொல் எதுவும் கேட்கவில்லை, சத்தம் மட்டும். டைரக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆர்ட் அசிஸ்டென்ட் எங்கிருந்தோ பழைய கிரைண்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்து, வளசரவாக்கம் வீட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்தார். பெண்ணின் பெயரை மாற்றினோம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அம்மாவின் பேட்டியில் முகத்துக்கு மொசைக் போட்டோம், குரலைக் கனமாக்கினோம். சட்டப்படி எல்லாம் சரி என்று நினைத்தோம். அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தோம், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளில். மகளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் உள்ளறையில் இருந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. 'அவளைத் தொந்தரவு செய்யவில்லை' என்று அப்போது அதைப் பெருமையாகக்கூடச் சொல்லிக்கொண்டேன்.

ஒளிபரப்பாகி இரண்டு வாரம் கழித்து ஆபீஸுக்குப் போன் வந்தது. அம்மா என்னைக் கேட்டுத்தான் பேசினார். திட்டவில்லை.

"தம்பி, பேரை மாத்துனீங்க, ஊரை மாத்துனீங்க. கிரைண்டரை மாத்தலையே."

அந்த ஊரில் மாடிப்படிக்கு அடியில் கிரைண்டர் வைத்து மாவு விற்கும் வீடு ஒன்றுதான். கேஸ் நடந்தது போலீஸுக்கும் உறவில் நாலைந்து பேருக்கும்தான் அதுவரை தெரியும். மாவு வாங்க யாரும் வருவதில்லை என்றார். வருகிற ஒன்றிரண்டு பேரும் மாவை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார்களாம். "வேற ஊருக்குப் போறோம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த எபிசோடுக்கு அந்த மாதத்தின் நல்ல ரேட்டிங் கிடைத்திருந்தது.

சட்டத்தை நான் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு, இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவில் 72. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு வருடம் வரை சிறை. நாங்கள் எல்லோரும் அதைப் 'பெயர் போடக் கூடாது' என்று சுருக்கி வைத்திருந்தோம். சேனலில் இருந்த வக்கீலும் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார். ஆனால் அந்தப் பிரிவு பெயரை மட்டும் சொல்லவில்லை, அடையாளம் தெரியவைக்கும் எதையும் சொல்கிறது. 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு இன்னும் வெளிப்படை. குழந்தையின் பெயர், முகவரி, போட்டோ, குடும்ப விவரம், பள்ளிக்கூடம், அக்கம்பக்கம், இவை தவிர அடையாளம் காட்டக்கூடிய வேறெதுவும் ஊடகத்தில் வரக் கூடாது. 'அக்கம்பக்கம்' என்று சட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. தெருவில் வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. 2018 டிசம்பரில் நிபுன் சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. சுற்றிவளைத்துக்கூட அடையாளத்தைக் காட்டக் கூடாது, இறந்துபோன பெண்ணாக இருந்தாலும் உறவினர் சம்மதித்தார் என்பதற்காக மட்டும் பெயரை வெளியிட முடியாது என்றது. எங்கள் ஆங்கிலத் தாளில் அம்மா போட்ட கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அன்றைக்குப் புரிந்தது.

தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில் இதன் வேர் இருக்கிறது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் பத்திரிகை வெளியிடலாமா என்ற வழக்கில் 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பத்திரிகைச் சுதந்திரத்துக்காகப் பலரும் கொண்டாடும் தீர்ப்பு. பொது ஆவணத்தில் இருப்பதை எழுத யார் அனுமதியும் வேண்டாம் என்றது. அதே மூச்சில் ஒரு விலக்கும் வைத்தது: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண், ஆவணத்தில் பெயர் இருக்கிறது என்பதற்காக மறுபடி அவமானப்படக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாதியை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆட்டோ சங்கர் 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டான். 2019-ல் அவன் பெயரிலேயே வெப் சீரிஸும் வந்தது. செய்தவனின் பெயர் தலைப்பாகும் அளவுக்கு விற்கும். இது எங்கள் தொழிலின் பழைய கணக்கு.

இன்னொருத்தியையும் சொல்ல வேண்டும். அதே வருடங்களில் ஒரு பாலியல் வன்முறை எபிசோடில் பாதிக்கப்பட்டவளாக நடிக்க வந்த பெண். பத்தொன்பது வயதிருக்கும், ஏவிஎம் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அழும் குளோஸப் மூன்று டேக் போனது. மூன்றாவதில் எல்லோரும் கைதட்டினோம். ஒரு மாதம் கழித்து வேறு ஷூட்டிங்கில் பார்த்தபோது கேட்டாள்: "அண்ணா, அந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடக் கூடாதா?" எந்த எழுத்து என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. அவள் ஊருக்குப் போன பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானேம்மா அந்தப் பொண்ணு, இப்ப நல்லா இருக்கியா?" என்று கேட்டு அழுதிருக்கிறார். மூலையில் இருந்த 'சித்தரிப்பு' அவர் கண்ணில் படவே இல்லை. பாதிக்கப்பட்டவளின் முகத்தை மறைத்து, அதற்குப் பதில் நாளைக்கு ஐந்நூறு ரூபாய் பேட்டாவுக்கு வந்த ஒருத்தியின் முகத்தைக் கொடுத்திருக்கிறோம். அவளுக்கு மொசைக் கிடையாது.

நான் சீரியல் பக்கம் போனேன். மாமியார் மருமகள் சண்டையில் யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் 2019 மார்ச்சில் பொள்ளாச்சி பாலியல் வன்முறை வழக்கு வெடித்தது.

அந்த வாரம் தமிழ்நாட்டில் யாரைப் பார்த்தாலும் போனில் அந்த வழக்கில் பரவிய வீடியோவின் குரல் இருந்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல்துறை அதிகாரி ஒருவரே செய்தியாளர் சந்திப்பில் சொன்னார். வழக்கை மாற்றும் அரசாணையிலும் பெயர் வந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்லி அரசுக்கு உத்தரவிட்டது. பத்தே நாளில் எனக்கு ஒரு டிஸ்கஷனுக்கு அழைப்பு. வடபழனியில் ஒரு ஹோட்டல் அறை. தயாரிப்பாளர் நல்ல மனிதர்தான், கோபத்தில் இருந்தார். எட்டு எபிசோடு, சமூகத்துக்கு ஒரு சவுக்கடி என்றார். முதல் ஷாட்டையும் அவரே சொன்னார். கறுப்புத் திரை, அந்தக் குரல், பிறகு டைட்டில் கார்டு.

அந்தக் குரல் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்கும் தெரியும் என்றேன். டப்பிங்கில் வேறு பெண்ணை வைத்துக்கொள்ளலாம் என்றார். நான் சொல்ல நினைத்தது வேறு. அந்த வழக்கில் வீடியோதான் ஆயுதம். எடுத்ததைக் காட்டி மிரட்டித்தான் குற்றவாளிகள் அத்தனை பெண்களையும் மடக்கினார்கள். அதே காட்சியை நாம் லைட் போட்டு, நல்ல லென்ஸில் திரும்ப எடுத்தால் ஆயுதத்தைச் சாணை பிடித்துத் தருகிறோம் என்று அர்த்தம். இதை இவ்வளவு கோர்வையாக அன்று சொன்னேனா? இல்லை. காபியைக் குடித்துவிட்டு, கைவசம் வேறு வேலை இருக்கிறது என்று எழுந்து வந்தேன். தைரியமான பதில்கள் எனக்கு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் வரும்.

அதே மார்ச் மாதம்தான் நெட்ஃபிளிக்ஸில் 'டெல்லி கிரைம்' வந்தது. 2012 டிசம்பர் டெல்லி பேருந்துப் பாலியல் வன்முறைச் சம்பவம். பேருந்துக்குள் நடந்ததை ரிச்சி மேத்தா ஒரு ஷாட்டில்கூடக் காட்டவில்லை. வாக்குமூலமாகவும் டாக்டர் சொல்வதாகவும்தான் வருகிறது. போலீஸை ரொம்பத் தூக்கிப் பிடித்துவிட்டார் என்ற குறை நியாயமானது, எனக்கும் அது உண்டு. ஆனால் தொழில்காரனாக நான் பார்த்தது வேறு: அந்தக் காட்சி இல்லாமலே ஏழு எபிசோடு நிற்கிறது. நடந்ததைக் காட்டினால்தான் ஜனங்களுக்குக் கோபம் வரும் என்று டிஸ்கஷனுக்கு டிஸ்கஷன் கேட்டுக் கேட்டு நானும் நம்பியிருந்தேன்.

காட்டியவர்கள் கதையும் இருக்கிறது. 1994-ல் சேகர் கபூர் 'பாண்டிட் குயின்' எடுத்தபோது படத்தின் நிஜ நாயகியான பூலான் தேவி உயிரோடு இருந்தார், அந்த வருடம்தான் சிறையிலிருந்து வெளியே வந்திருந்தார். தன்மேல் நடந்த வன்முறை திரையில் ஓடுவதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போனார். கடைசியில் சமரசம் ஆனது. படத்தை நான் மாணவனாக இருந்தபோது மூன்று முறை பார்த்து வியந்தவன். சம்பந்தப்பட்டவள் வேண்டாம் என்றாள் என்பது அப்போது எனக்கு ஒரு சினிமா வம்பாகத்தான் தெரிந்தது.

பிபிசி 2017-ல் எடுத்த 'த்ரீ கேர்ள்ஸ்' என்ற மூன்று பாகத் தொடரை ஒரு நண்பன் கொடுத்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் சிறுமிகளைக் கும்பல் கும்பலாகச் சீரழித்த வழக்கு. எழுதியவர் நிக்கோல் டெய்லர். பாதிக்கப்பட்டவர்களிடமும் குடும்பத்தாரிடமும் பேசி, பெயர்களை மாற்றி எழுதியது. என்னை அசைத்தது வன்முறை இல்லை. புகார் கொடுத்த சிறுமியை நம்பாமல் 2009-ல் அரசு வழக்குத் தரப்பு கோப்பை மூடியது. 2012-ல்தான் ஒன்பது பேர் தண்டிக்கப்பட்டார்கள். இடையில் ஒரு சிறுமி அதே கதையை எத்தனை நாற்காலிகளில் உட்கார்ந்து எத்தனை பேரிடம் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான் அந்தத் தொடர். அந்த நாற்காலிகள் நம் ஊரிலும் இருக்கின்றன. மகளிர் காவல் நிலையத்தில் ஒன்று, அரசு ஆஸ்பத்திரியில் ஒன்று, குழந்தைகள் நலக் குழுவில் ஒன்று, மாஜிஸ்டிரேட் முன்னால் ஒன்று. ஆறு வருடம் நான் ஓடி ஓடிக் கதவைச் சாத்தும் காட்சியை எழுதிக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்த பிறகுதான் கதையே இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓடிடிக்காக ஒரு தொடர் எழுத ஒப்புக்கொண்டேன். பள்ளிக்கூடம் ஒன்றை மையமாக வைத்த கதை. நாலைந்து சம்பவங்களைக் கலந்தது. புரொமோவில் 'உண்மைச் சம்பவங்களைத் தழுவியது' என்று போடுவோம் என்றது மார்க்கெட்டிங். தொடரின் தொடக்கத்தில் 'யாரையும் குறிப்பிடுவன அல்ல' என்று போடுவோம் என்றது லீகல். இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து இதைச் சொன்னார்கள், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இப்போது என் வேலைமுறை கொஞ்சம் மாறியிருக்கிறது. வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் அவளிடமே பேசாமல் எழுதுவதில்லை. பேசும்போது முதல் கேள்வி, எதை எழுதக் கூடாது என்பது. அவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் நான் எதிர்பார்த்ததாக இருக்காது. நடந்த கொடுமையை எழுதிக்கொள்ளுங்கள், என் தம்பி அன்றைக்கு என்ன சொன்னான் என்பதை மட்டும் எழுதாதீர்கள் என்றாள் ஒருத்தி. எழுதவில்லை. எனக்குக் கிடைத்ததிலேயே சிறந்த வசனம் அது.

ஸ்கிரிப்ட் முடிந்ததும் இன்னொரு வேலை. அந்தத் தெருமுனை வீட்டு அத்தையாக மாறி அதைப் படிப்பேன். எந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குக்கர் விசில் என்று தெரிந்து வைத்திருக்கும் அத்தை. அவருக்கு நீதிபதியைவிடக் கூர்மையான மூளை. சைக்கிளின் நிறம், அப்பாவுக்கு நொண்டும் கால், ரிசல்ட் வந்த நாள், வீட்டு நாயின் பெயர். இவற்றில் எது ஒன்று போதும் அவருக்கு என்று தேடித் தேடி எடுப்பேன். சும்மா எடுத்தால் சீன் செத்துவிடும். எடுத்த இடத்தில் அதே எடையுள்ள இன்னொன்றை வைக்க வேண்டும். தையல் மெஷினுக்குப் பதில் என்ன? அதுவும் வீட்டைக் காப்பாற்றுவதாக, சத்தம் போடுவதாக, கையை ஓயவிடாததாக இருக்க வேண்டும். வசனம் எழுதுவதைவிட இதற்கு நேரம் அதிகம் ஆகிறது, இதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. டைரக்டர்கள் கேட்பார்கள்: "நெஜத்துல இருந்ததே நல்லா இருந்துச்சே சார், ஏன் மாத்துறீங்க?" நல்லா இருந்தது, அதனால்தான்.

ஓடிடி தொடர் நின்றுபோனது. ஆறாவது எபிசோடில் குற்றம் செய்த ஆசிரியரை ஊரார் அடித்துக் கொல்ல வேண்டும் என்றார்கள். போக்சோ வழக்கில் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டு போவதைத்தான் காட்ட வேண்டும், முடிந்தவரை ஒரு வருடத்தில் விசாரணையை முடிக்கச் சொல்லும் சட்டத்தை வைத்துக்கொண்டு அது எப்படி இழுக்கிறது என்பதுதான் கதை என்றேன். போரடிக்கும் என்றார்கள். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை போன் வந்தது. பாதியைக் கொடுத்துவிட்டேன்.

2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றத்தில் பொள்ளாச்சி வழக்கின் தீர்ப்பு வந்தது. ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. சாட்சி சொன்னவர்களில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வக்கீல் வெளியே வந்து சொன்னதை டிவியில் பார்த்தேன். ஆறு வருடம் அந்தப் பெண்கள் மூடிய நீதிமன்றத்தில், பெயரில்லாமல், தைரியமாகப் பேசியிருக்கிறார்கள். மாலையே பழைய தயாரிப்பாளரிடமிருந்து மெசேஜ்: இப்போது எடுக்கலாமே, முடிவும் கிடைத்துவிட்டது. நான் இன்னும் பதில் போடவில்லை.

அந்த அம்மாவின் போன் நம்பர் பழைய டைரியில் இருந்தது. பல வருடம் கழித்து ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன், அது வேறு யாருக்கோ போயிருந்தது. அவர்கள் எங்கே போனார்கள் என்று விசாரிக்கவில்லை. விசாரித்தால் விசாரித்த இடத்தில் இன்னொரு அத்தை இருப்பார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்தது கிரைண்டர் இல்லை. அவர்கள் விற்றதும் மாவு இல்லை.